பிப்ரவரியில் நார்வேயின் வடகோடிக்கு மோட்டார்ஹோம்: போனவர்கள் உதவுங்கள்

வணக்கம். பிப்ரவரியில் ட்ரோம்சோவிலிருந்து ஆல்டா வழியாக நோர்ட்காப் வரை, தனியாக, டீசல் மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி) போகத் திட்டம். உள்நாட்டில் மைனஸ் 20 வரை இறங்கும் என்று வைத்தே கணக்கு.

ஹீட்டருக்கான கேஸில் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியிலேயே ஆவியாகாமல் படுத்துவிடும் என்பதால் முழுக்கப் புரொப்பேன், 11 கிலோ சிலிண்டர் இரண்டு. இரவு பகலாக ஹீட்டர் ஓடினால் ஒன்று எத்தனை நாள் தாங்கும்?

பேட்டரிதான் பெரிய கவலை. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சீட்டுக்கு அடியில். செல் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து கொள்ளளவு போய்விடும். பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) இணைப்பையே துண்டித்துவிட்டால் ஹீட்டர் ஃபேனும் நிற்கும். அந்த வெயிலுக்கு சோலார் சும்மா பாரம்தான். சூடேற்றும் பேட் ஒட்டுவதா, இரண்டு நாளுக்கு ஒருமுறை கரண்ட் உள்ள கேம்பில் தங்குவதா?

வெளியே தொங்கும் கழிவுநீர்த் தொட்டி உறையாமலிருக்க அதன் வால்வைத் திறந்து விட்டு, அடியில் வாளி வைக்கலாம் என்றிருக்கிறேன். ஆல்டாவுக்கும் நோர்ட்காப்புக்குப் பக்கத்து ஊரான ஹொன்னிங்ஸ்வோகுக்கும் நடுவே குளிர்காலத்திலும் தண்ணீர் பிடிக்க, டாய்லெட் கேசட்டை (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) காலி செய்ய எங்கே முடியும்?

நோர்ட்காப்புக்கு முந்தைய கடைசி 13 கிலோமீட்டரில் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். காற்று பலத்தால் உயரமான வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்களா?