சிவில் மாணவனுக்குக் கட்டுமான இடத்தில் இன்டர்ன்ஷிப்: வழி சொல்லுங்கள்

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஒரு மாதமாவது கட்டுமானம் நடக்கும் இடத்தில் பயிற்சி பெற வேண்டும்.

கண்ணில் படும் விளம்பரங்களில் பாதி, பணம் கட்டினால் ஆன்லைனிலேயே சான்றிதழ் தருகிறோம் என்பவை. வேலையும் பார்த்துக் கைக்காசும் கொடுப்பது என்ன நியாயமோ! வரைபடத்தில் உள்ள கம்பி அளவை மேற்பார்வையாளர் எப்படிச் சரிபார்க்கிறார், வலிமையைப் பார்க்க வார்த்து வைக்கும் கான்கிரீட் கனசதுரங்களை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கத்தான் ஆசைப்படுகிறேன்.

பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைச் சிலர் சொன்னார்கள். 2024-இல் அது தொடங்கியபோது வந்த விதிகளின்படி முழுநேர மாணவர்கள் விண்ணப்பிக்க முடியாது. சென்னை ஐஐடியின் கோடைக்காலப் பயிற்சி நல்லதுதான். ஆனால் அது ஆய்வு சார்ந்தது.

பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை அலுவலகங்களில் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்களா? கல்லூரி முதல்வரின் கடிதத்தை அங்கே யாரிடம் கொடுக்க வேண்டும்? தனியார் நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதிலே வருவதில்லை. நேரில் போய்ப் பொறியாளரைப் பார்த்துக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? அனுபவம் இல்லாதவன் பயோடேட்டாவில் எதை முதலில் எழுதுவது? வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருள் ஓரளவு தெரியும். நில அளவை முகாமில், தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைக் கையாண்டிருக்கிறேன்.

உதவித்தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தங்க இடம் மட்டும் கிடைத்தால் மதுரை, கோவை, சென்னை எங்கும் வருவேன். சிவில் துறையில் இருப்பவர்கள் கருத்தில் எழுதினால் பயோடேட்டாவை அனுப்பிவைக்கிறேன்.