அறுப்புக் காலத்திலும் ஓய்வுநாளா? யூத மறைநூலின் கட்டளை குறித்து ஒரு கேள்வி

குறுவைக்காரன் (பாபநாசம்):
யூத மறைநூலின் ஒரு பகுதியான யாத்திராகமம் (34:21) ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கச் சொல்வதோடு நிற்காமல், உழவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய வேண்டும் என்று குறித்துச் சொல்கிறது. எங்கள் ஊரில் அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை. ஆனால் கதிர் முற்றி வானமும் இருட்டிக்கொண்டு நின்றால், அமாவாசையாவது ஒன்றாவது என்று அறுவடை இயந்திரத்தைத் தேடி ஓடுவோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் எங்களுக்கு. அப்படியிருக்க, வேலை தலைக்குமேல் கிடக்கும் பருவத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிட்ட காரணம் என்ன? பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு இரண்டிலும் வெவ்வேறு காரணம் சொல்லப்படுகிறதே, எதை அடிப்படையாகக் கொள்வது? இது யூதர் அல்லாதாரையும் கட்டுப்படுத்துமா?

நாகை வாசகி:
ஐயா, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் முதலாவதற்கும் வழி கிடைக்கும். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம், ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்ததைக் காரணமாகச் சொல்கிறது. அதே மறைநூலின் இன்னொரு பகுதியான உபாகமம் 5-ஆம் அதிகாரமோ, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. யாத்திராகமம் 23:12-இல் மாடும் கழுதையும் முதலில் நிற்கின்றன. அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் பின்னால் வருகிறார்கள். ஆக, இந்தக் கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது என்று பார்த்தால், வேலை ஏவும் அதிகாரம் உள்ளவனை நோக்கித்தான் பேசுகிறது. அவனுக்கு அறுப்புக் காலத்தில் விலக்குக் கொடுத்தால், வேலையாட்கள் மிகவும் களைத்திருக்கும் நாட்களிலேயே சட்டம் செல்லாததாகிவிடும். 34:21 அடைப்பது அந்த ஓட்டையைத்தான் என்பது என் கருத்து.

எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலர், கட்டளைகள் தரப்பட்ட சீனாய் மலைக்கு வருமுன்பே, மன்னா என்ற உணவு வானிலிருந்து பொழிந்த வனாந்தரத்தில் (யாத்திராகமம் 16) இதற்கான பயிற்சி தொடங்கிவிடுகிறது. ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் (ஒரு பழைய முகத்தலளவை), அதாவது வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு கிடைக்கிறது. ஏழாம் நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி (8:5) சாடுவதும் தானிய வியாபாரிகளைத்தான்: ஓய்வுநாள் எப்போது முடியும், மூட்டையைப் பிரித்து அளவைக் குறைத்து விலையைக் கூட்டி விற்கலாம் என்று காத்திருந்தவர்களை.

தரங்கம்பாடியான்:
அம்மா சொன்னது சரி, ஆனால் இஸ்ரயேலர் வாழ்ந்த நாட்டின் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே மழை ஐப்பசியை ஒட்டித் தொடங்கிப் பங்குனி வாக்கில் ஓய்ந்துவிடும். கோதுமை அறுப்பு அதற்குப் பின்னால் வருகிறது. கோதுமை அறுப்பின்போது தீர்க்கதரிசி சாமுவேல் இடியையும் மழையையும் வரவழைத்ததை மக்கள் அடையாளமாகக் கண்டு அஞ்சினார்கள் என்று 1 சாமுவேல் 12 சொல்கிறது என்றால், அது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்வதுபோன்ற கவலை அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. உழவுதான் சிக்கல், முதல் மழைக்குப் பிறகே மண் இளகும், அப்போது ஒரு நாள் ஏர் நின்றாலும் உழவனுக்கு உறுத்தும்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, ஓய்வுநாளில் தடுக்கப்பட்ட வேலைகள் 39 என்று வகுக்கிறது. விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல் என்று வயலிலிருந்து ரொட்டி சுடுவது வரை போகும் 11 வேலைகள் பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்கின்றன. பொருள் நட்டத்துக்காகத் தளர்த்துவதில் அந்நூல் மிகவும் கண்டிப்பானது. வீடு பற்றி எரிந்தால் அந்நாளுக்குரிய மூன்று வேளை உணவை வெளியே கொண்டுவரலாம். நெருப்பை அணைக்கக் கூடாது. அணைக்க வந்த யூதரல்லாத ஒருவரிடம் அணை என்றும் சொல்லக் கூடாது, அணைக்காதே என்றும் சொல்ல வேண்டியதில்லை! உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நிலைமை வேறு. அங்கே ஓய்வுநாள் சட்டம் விலகி நிற்கும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், ஓய்வுநாளில் எதிர்த்துப் போரிட மறுத்த யூதர்கள் கொல்லப்பட்ட பின், தாக்கினால் அன்றும் போரிடுவது என்று கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் முடிவெடுத்ததை 1 மக்கபேயர் என்ற நூலின் 2-ஆம் அதிகாரத்தில் காணலாம்.

நாகை வாசகி:
மூன்றாவது கேள்வி விட்டுப்போயிற்று. யாத்திராகமம் 31:17 ஓய்வுநாளை இறைவனுக்கும் இஸ்ரயேலருக்கும் இடையிலான அடையாளம் என்கிறது. அதனால் பிற இனத்தாருக்கு அது கடமையில்லை என்பதே ராபிகள் எனப்படும் யூத மத ஆசிரியர்களின் நிலை. ஆயினும் ஊருக்குள் தங்கியிருக்கும் அந்நியனிடமும் வேலை வாங்கக் கூடாது என்று பத்துக் கட்டளையே சொல்கிறது. யூதாவின் ஆளுநர் நெகேமியா (நெகேமியா 13:16–21) ஓய்வுநாளில் எருசலேமில் மீன் விற்ற தீரு நகரத்தாருக்கு எதிராகக் கதவை அடைத்தபோது, மதிலுக்கு வெளியே இராத்தங்கிய வியாபாரிகளையும் மிரட்டி அனுப்பினார். ஆனால் அவர் முதலில் கடிந்துகொண்டது, அவர்களிடம் வாங்கிய யூதாவின் பெரியவர்களைத்தான்.