பொட்டு வைத்திருந்ததால் உதவித்தொகை இல்லை: பக்கத்து நாட்டுப் பெண்களோடு மூன்று நாள்

நான் மொழிபெயர்க்கத்தான் போனேன். இந்தியா, இலங்கை, நேபாளத்திலிருந்து கணவரை இழந்த பெண்கள் கூடிய மூன்று நாள் சந்திப்பு, காத்மாண்டுவில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு அக்காமாருக்கும், நாகப்பட்டினம் மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கும் காதோரம் தமிழில் சொல்வது என் வேலை.

முதல் நாள் நேபாளப் பெண்கள் எல்லோரும் சிவப்பில் வந்தார்கள். சேலை, வளையல், பொட்டு எல்லாமே சிவப்பு. அங்கே கணவன் இறந்ததும் பெண்ணிடமிருந்து முதலில் பறிபோவது அந்த நிறம்தான். லில்லி தாபா 1994-இல் தொடங்கிய அமைப்பு அதை எதிர்த்தே சிவப்பைத் திரும்ப உடுத்த வைத்தது. 'விதவை' என்ற சொல்லையும் அவர்கள் தள்ளிவிட்டார்கள். 'ஏகல் மஹிளா', தனித்திருக்கும் பெண், என்றுதான் சொல்கிறார்கள்.

நாகை அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். "எனக்கு இது தலைகீழாம்மா. பொட்டு வெச்சிருக்கேன்னுதான் எனக்கு உதவித்தொகை தரல" என்றார்.

அவர் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் கேட்டால், காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருடம் ஆக வேண்டும் என்கிறார்கள். அதுவரை ஓய்வூதியம் இல்லை, வாரிசுச் சான்றிதழ் இல்லை, படகில் அவருக்கிருந்த பங்கும் இல்லை. "நெத்தியில பொட்டு, கழுத்துல தாலி. நீயே அவரு உசுரோட இருக்காருன்னு சொல்றியேம்மா" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்களாம். தாலியை எடுத்தால் மாமியார் வீட்டில் சோறு கிடையாது. எடுக்காவிட்டால் அரசாங்கத்தில் கிடையாது. 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்த ஏழு வருடக் கணக்கைத் தளர்த்தினார்கள். ஆனால் ஒற்றைப் படகு தொலைந்தால் அதற்குப் பெயர் புயல் இல்லையே.

யாழ்ப்பாண அக்காமாரும் பொட்டோடுதான் இருந்தார்கள். 2009 மே மாதம் கணவரைத் தன் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் ஒருவர். "செத்திட்டார் எண்டு நான் ஏன் கையெழுத்து வைக்க வேணும்? கொண்டு போனவை சொல்லட்டும்" என்றார்.

அன்றிரவு விடுதி அறையில் நடந்ததுதான் எனக்கு அந்த மூன்று நாளின் சாரம். இலங்கையில் 2016-இல் இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே, 'ஆளைக் காணவில்லை' என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் அதில் வந்தது. அங்கே சட்டங்கள் தமிழிலும் வெளியாகும். அக்கா ஒரு மடித்த நகலை எடுத்துக் கட்டிலில் விரித்து, வரிக்குக் கீழே விரல் வைத்து நிதானமாக வாசித்தார். நாகை அம்மா இடைமறித்து, "இது தமிழா? வேற நாட்டுச் சட்டம் எனக்குப் புரியுதே" என்றார். புரியாத சொற்களும் இருந்தன. அதற்கெல்லாம் அக்கா நிறுத்தி விளக்கம் சொன்னார்.

மாநாட்டு அறிக்கையில் என்ன எழுதினோம் என்பது எனக்கு இன்று நினைவில்லை. அந்த நகல் நினைவிருக்கிறது.

*

நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டு மட்டக்களப்பிலிருந்து எழுதுறன், தங்கச்சி. அந்தச் சான்றிதழ் பற்றி ஒன்று சொல்ல வேணும். அது பிள்ளைகளின் பொறுப்பு, வங்கிக் கணக்கு, காணி விசயங்களுக்கு உதவும். ஆனால் எங்கட பக்கம் கனபேர் எடுக்கயில்லை. அதை எடுத்தால் தேடுறதை நிப்பாட்டிப் போடுவினம் எண்ட பயம் இன்னும் இருக்கு. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே நாகை அம்மா அங்க இப்பிடியொரு சான்றிதழ் கேக்கிறதெண்டால், விசாரணையும் தொடரும் எண்டு எழுத்தில கேளுங்கோ.

நானும் ஒருக்கா ராஜஸ்தான் பெண்களைச் சந்திச்சனான். 'ஏகல் நாரி சக்தி சங்கடன்' எண்டு அவையின்ர அமைப்பு. கணவனை இழந்த பெண்ணின்ர காணியை உறவுக்காரர் பிடிச்சால், அவளைத் தனிய அனுப்பமாட்டினமாம். கூட்டமாப் போய் நிலத்தில நிப்பினமாம். அப்ப எங்கட ஊரில நுண்கடன்காரர் இருட்டினாப் பிறகும் வீட்டு வாசலில வந்து இருப்பினம். வீட்டுக்காரி உள்ளுக்க பிள்ளைகளோட விளக்கை அணைச்சுப்போட்டு இருப்பாள். திரும்பி வந்து நாங்கள் செய்தது ஒன்றுதான்: எந்த வீட்டு வாசலில ஆள் வந்தாலும் எங்களில மற்ற நாலு பேரும் அங்க போய் இருக்கிறது. பேசக்கூடத் தேவையில்லை. இருந்தாலே காணும்.

*

இவற்றைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து எழுதும் இன்னொருவர் நான். எனக்கு ஒரு சிறு சந்திப்புதான். 2009-இல் நேபாள அரசு, கணவரை இழந்த பெண்ணை மணப்பவர்களுக்கு 50,000 ரூபாய் என்று பட்ஜெட்டில் அறிவித்தது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய ஒருவரோடு பேசினேன். தமிழ்நாட்டிலும் மறுமண உதவித் திட்டம் இருக்கிறது, நல்ல நோக்கம்தானே என்றேன். அவர் கேட்டார்: "மணம் செய்துகொள்ளாமல் வாழ நினைப்பவளுக்கு மாதம் எவ்வளவு தருகிறீர்கள்?" 1,200 ரூபாய் என்று சொல்லும்போது எனக்குக் குரல் எழும்பவில்லை.

*

மட்டக்களப்பு அக்காவுக்கு: நீங்கள் எழுதியதை நாகை அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அவர் தனியாகப் போகவில்லை. கடலில் கணவரைத் தொலைத்த இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். ஏழு வருடம் முடியும்வரை இடைக்காலச் சான்றிதழ் ஒன்று வேண்டும், தேடுதலும் தொடர வேண்டும் என்று மனு. கூடவே அந்த நகல்.

"இது எந்த ஊர்ச் சட்டம்மா?" என்று கேட்டிருக்கிறார் அதிகாரி.

"பக்கத்து நாட்டுதுங்கய்யா. தமிழ்லதான் இருக்கு, படிங்க."

அவர் இரண்டு பக்கம் படித்தாராம். மனுவில் முத்திரை போட்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேருக்கும் தனித்தனி எண். முடிவு இன்னும் வரவில்லை. அம்மா பொட்டு வைத்துக்கொண்டுதான் போனார்.