ஆடிட் லாக்கை நிறுத்தச் சொல்லும் கிளையன்ட்: எப்படி மறுப்பது?

ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு வணக்கம். ஓர் ஆலோசனை வேண்டும்.

டேட்டா மைக்ரேஷன் (பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்குத் தரவை மாற்றுவது) நடக்கும் இரவு மட்டும் ஆடிட் லாக்கை (யார், எப்போது, எதை மாற்றினார் என்று தானாகப் பதியும் குறிப்பேடு) நிறுத்தி வையுங்கள், சீக்கிரம் முடியும் என்கிறார் கிளையன்ட் தரப்பு மேலாளர். லாக் எழுதுவதால் வேகம் குறைவது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியில் எந்த ஐடி எந்தப் பதிவை மாற்றியது என்பதற்குச் சான்றே இருக்காது. பின்னால் கணக்கு உதைத்தால் பழி டீம் மேல்தான் விழும்.

போனில் கேட்டதை அன்றே மின்னஞ்சலில் எழுதி, "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று அனுப்பியாயிற்று. கூடவே மாற்று வழியும்: லாக் ஓடட்டும், பதிவுகளை 5,000 வீதம் பிரித்து ஏற்றலாம், இன்டெக்ஸ்களை (தேடலை வேகமாக்கும் அட்டவணைகள்) நீக்கிவிட்டு ஏற்றி முடித்தபின் மறுபடி உருவாக்கலாம். பதில் இல்லை, மீண்டும் போன்தான் வருகிறது. எழுத்தில் தரத் தயங்குவதுதான் உறுத்துகிறது.

இதைச் சேஞ்ச் ரெக்வெஸ்டாக (முறையான மாற்றக் கோரிக்கை) பதிந்து, அவர்களுடைய பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாமா? அது அவரைத் தாண்டிப் போனதாக ஆகிவிடாதா? ஸ்டியரிங் கமிட்டிக்கு (ப்ராஜெக்டை மேற்பார்வையிடும் குழு) கொண்டுபோகும் முன் அவரிடம் தனியாகச் சொல்வது முறையா? ரிஸ்க் ரெஜிஸ்டரில் (ப்ராஜெக்டின் ஆபத்துகளைக் குறித்துவைக்கும் பட்டியல்) என்ன வாசகம் போடுவீர்கள்? மறுப்பு மின்னஞ்சல் மாதிரி இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள். கட்ஓவர் (புதிய சிஸ்டத்துக்கு மாறுவது) வரும் சனிக்கிழமை இரவு.