மரவேர் உள்ள இடத்தில் நடைபாதை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் கிராஞ்சியில் ஒரு பண்ணை நிலத்தில் 40 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் நடைபாதை போடுகிறோம். களிமண் தரை. 15 செ.மீ. தோண்டி, ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து (இல்லாவிட்டால் ஜல்லி மெல்லச் சேற்றுக்குள் இறங்கிவிடும்), 10 செ.மீ. கிரஷர் ரன் (தூளும் ஜல்லியும் கலந்த உடைகல்), அதன்மேல் 5 செ.மீ. கல்தூள். கிரஷர் ரன் மட்டும் சுமார் 9 டன் வரும். லேசாக ஈரப்படுத்தி, இரண்டு அடுக்காகக் காம்பாக்டரில் (தரையை இறுக்கும் இயந்திரம்) இறுக்க வேண்டும். குறுக்குச் சரிவு 2 சதவீதம், அதாவது ஒரு ஓரம் 2.4 செ.மீ. தாழ்வு. கூழாங்கல் வேண்டாம், உருளும், இறுகவே இறுகாது.

நடுவில் 6 மீட்டர் தூரம் தூங்குமூஞ்சி மரத்தடி. வேர் தரைக்கு மேலேயே ஓடுகிறது. வெட்டினால் மரத்தின் பிடிமானம் போகும். காம்பாக்டர் ஓட்டினால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது. அங்கே தோண்டாமல் ஜியோசெல் (தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் அறைகள்) வைத்து, தூள் கலக்காத 20 மி.மீ. ஜல்லி நிரப்பியவர்கள் உண்டா? எத்தனை செ.மீ. உயர ஜியோசெல் போதும்? ஓரத்தை எப்படி முடித்தீர்கள்?

கடைசி 8 மீட்டர் 7 சதவீத இறக்கம். டிசம்பர் அடைமழைக்குக் கல்தூள் அங்கே நிற்காது. குறுக்கே கருங்கல் தடுப்பா, கான்கிரீட்டா? தள்ளுவண்டி போகவேண்டும், அதனால் படி வேண்டாம். படம் இருந்தால் போடுங்கள்.