கட்டுப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது, அம்மாவின் விரல் மடங்கவில்லை

நிலக்கோட்டை மகள்:

அம்மாவுக்கு 61 வயது. பூ கட்டுவதுதான் தொழில். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மார்க்கெட்டிலிருந்து வரும் மல்லியை வாசலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால் குழாயடியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டுக்கு மேலே மேடு தட்டிக் கை வளைந்து நின்றது. அன்றைக்கே மயக்க ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து "எலும்பு நல்லா கூடியிருக்கு" என்றார்கள். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கையைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். தோல் செதில் செதிலாக உரிகிறது. முன்கை இளைத்துக் குச்சியாகியிருக்கிறது, விரல்கள் மட்டும் வீங்கியிருக்கின்றன. மடக்கச் சொன்னால், விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் என் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. நாரைப் பிடிக்கிறார், இழுத்து இறுக்க முடியவில்லை. கட்டு இருந்த ஆறு வாரமும், எலும்பு நகர்ந்துவிடும் என்ற பயத்தில் விரலைக்கூட அசைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். அசைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எலும்பு கூடிவிட்டது என்றால் கை ஏன் இப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. மாமா புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். இனி அம்மா பூ கட்டுவாரா? அதைத்தான் தினமும் என்னிடம் கேட்கிறார்.

டிக்கெட் மாமா:

தங்கச்சி, பயப்படாதே. நான் ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். எனக்கும் இதே மணிக்கட்டு, இதே மாவுக்கட்டு. பிரித்த அன்றைக்குச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. இரண்டாம் மாதம் கிழித்த டிக்கெட்டை விரலில் பிடிக்க வந்தது. படிக்கம்பியைப் பிடித்துத் தொங்குகிற பலம் வர எட்டு மாதம் ஆனது. மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொல்லு.

மதுரை பிசியோ:

சகோதரி, பதினெட்டு வருஷமாகப் பிசியோதெரபி செய்கிறேன். உங்கள் அம்மா மாதிரி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. கட்டுப் போட்ட அன்றைக்கே "விரலை மடக்கி நீட்டுங்கம்மா, தோளைத் தூக்குங்கம்மா" என்று ஒருவர் சொல்லியிருந்தால் இந்தக் கஷ்டத்தில் பாதி வந்திருக்காது. போகட்டும். இப்போதும் தாமதமாகிவிடவில்லை.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்ற ஒரு பொருள் வளர்ந்து இரண்டு முனையையும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அதில் கால்சியம் படிந்து கெட்டிப்படுகிறது. மணிக்கட்டில் கட்டைப் பிரிக்கும் அளவுக்குக் கெட்டிப்பட ஏறக்குறைய ஆறு வாரம். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் எலும்பு தன்னைச் செதுக்கிச் சீராக்கிக்கொண்டே இருக்கும். இதற்கு எலும்பு நேராகவும் அசையாமலும் இருந்தால் போதும். ஆனால் மூட்டுக்கும் தசைக்கும் அசைவுதான் சாப்பாடு. அசையாமல் கிடந்தால் தசை வாரக் கணக்கிலேயே இளைத்துவிடும். விரல் வீக்கத்தில் தேங்குகிற நீர் வெறும் தண்ணீர் இல்லை, நாள்பட்டால் பசை மாதிரி ஆகிவிடும். விரலை இழுக்கிற தசைநாண்கள் உறைக்குள் வழுக்கிப் போய்வர வேண்டியவை, அவை அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. மூட்டைச் சுற்றிய உறையும் சுருங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இது எதுவும் தெரியாது. அதனால்தான் அவர்கள் "நல்லா கூடியிருக்கு" என்றதும் உண்மை, அம்மாவின் கை மடங்காததும் உண்மை.

இப்போது செய்ய வேண்டியது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைக்கச் சொல்லுங்கள், தண்ணீருக்குள்ளேயே விரலை அசைக்கட்டும். வெளியே எடுத்ததும் மூன்று நிலைகள். விரல்களை நேராக நீட்டுவது. அடிக்கணு நேராக இருக்க, மேல் இரண்டு கணுவை மட்டும் கொக்கி மாதிரி மடக்குவது. அப்புறம் முழுதாக மூடுவது. ஒவ்வொன்றிலும் ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, பத்துப் பத்துத் தடவை. ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை. ஒரே வேளையில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை செய்வதுதான் பலன் தரும். செய்யும்போது இழுத்துப் பிடிக்கிற வலி வரும், கையை விட்டதும் அடங்கிவிட வேண்டும். ராத்திரியெல்லாம் குத்தினாலோ மறுநாள் வீக்கம் கூடினாலோ அளவைக் குறையுங்கள். உட்காரும்போது தலையணை வைத்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள், வீக்கம் இறங்கும். தோளையும் தூக்கட்டும், சும்மா மடியில் வைத்த கைக்குத் தோளும் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக வருவது உள்ளங்கையை மேலே திருப்புவது, சில்லறை வாங்கக் கை நீட்டுவோமே அது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு திருப்பட்டும். இல்லாவிட்டால் தோளைச் சாய்த்து ஏமாற்றிவிடுவார்கள்.

இன்னொன்று: அம்மாவுக்கு ஸ்பூன் கொடுக்காதீர்கள். வலது கையாலேயே சோறு பிசைந்து சாப்பிடட்டும், சிந்தினால் சிந்தட்டும். ஐந்து விரலையும் குவித்து, உருட்டி, கட்டைவிரலால் தள்ளுகிற அந்த வேலைக்கு ஈடான பயிற்சி என்னிடம் இல்லை. பூவையும் தள்ளி வைக்க வேண்டாம். மல்லி இப்போதைக்கு வேண்டாம், காம்பு சின்னது. சம்பங்கியில் ஆரம்பியுங்கள். நாரை நனைத்துக் கொடுங்கள், கண்ணி தளர்வாக விழட்டும். தண்ணீர்க் குடம் மட்டும் மூன்று மாதம் முடியும்வரை தூக்கவே கூடாது.

புத்தூருக்குப் போய் என்ன செய்யப் போகிறார்கள்? எலும்பு ஏற்கெனவே கூடிவிட்டது. இனி எந்தக் கட்டுப் போட்டாலும் இருக்கிற இறுக்கம் கூடத்தான் செய்யும்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். இந்த முறிவுக்குப் பிறகு, கட்டைவிரலை நீட்டுகிற தசைநாண் எலும்பில் உரசி உரசி, சில வாரம் கழித்து அறுந்துபோவது உண்டு. பெரிய வலிகூட இருக்காது, விரல் தொங்கிவிடும். தூக்க வராவிட்டால் உடனே எலும்பு டாக்டரிடம் போங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனாலும் போக வேண்டும். துணி பட்டாலே எரிகிற வலி, பளபளவென்று தோல், நிறம் மாறுவது, ஒரு கை மட்டும் வேர்ப்பது, இவை இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

சேலத்து அப்பா:

எண்ணெய் போட்டு உருவுவதைப் பற்றிக் கேட்டீர்களே. என் மகனுக்கு எட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்தது. கட்டுப் பிரித்ததும் கை நீளவில்லை. "தானா வரும், யாரும் இழுக்காதீங்க" என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை. எண்ணெய் போடுகிற ஒருவரிடம் இரண்டு வாரம் கூட்டிப்போனேன். பையன் கத்துவான், நான் கையைப் பிடித்துக்கொள்வேன். முழங்கை கல் மாதிரி வீங்கியது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது மூட்டுக்கு முன்னால் தசைக்குள்ளே மேகம் மாதிரி வெள்ளையாக இருந்தது. இழுத்ததில் அடிபட்ட தசையில் எலும்பு வளர்ந்துவிட்டது என்றார்கள். இன்றைக்கும் அவன் கை முழுதாக நீளாது. தயவுசெய்து யாரையும் இழுக்க விடாதீர்கள்.

மதுரை பிசியோ:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. முழங்கைக்கு இந்த ஆபத்து மிக அதிகம். சகோதரி, தோல் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயை மென்மையாகத் தடவலாம், தவறில்லை. ஆனால் விரலை அம்மா தானே மடக்க வேண்டும், அல்லது தன் இடது கையால் மெதுவாக அழுத்தலாம். வேறு யாரும் வேண்டாம்.

முன்பே எழுத விட்டுப்போனது ஒன்று. ஐம்பது வயதுக்கு மேல், நின்ற நிலையில் வழுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது, வலி கிடையாது, ஊசி கிடையாது. அதில் டி ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று பெயர். அதற்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது, தனி மருந்து உண்டு. மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு அடுத்து இடுப்பு எலும்பு முறிகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இடுப்பு முறிந்தால் பூவைப் பற்றிப் பேசவே நேரம் இருக்காது. குழாயடிப் பாசியையும் இன்றைக்கே தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

நிலக்கோட்டை மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கட்டைவிரல் தூக்க வருகிறது, அன்றைக்கே பார்த்துவிட்டேன் பிசியோ அக்கா. விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இப்போது என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. காலையில் கொஞ்சம் பிடிக்கிறது, வெந்நீரில் வைத்தால் விட்டுவிடுகிறது. உள்ளங்கை மேலே திரும்புவது இன்னும் பாதிதான். முதல் வாரம் சோறு பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது, நேற்று ரசம் சாதம் சாப்பிட்டார்.

சம்பங்கி முடிந்து இந்த வெள்ளிக்கிழமை மல்லியே கேட்டார். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து நாரைச் சுற்றினார். இறுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். பத்துக் கண்ணி போட்டதும் தூக்கிப் பார்த்தார், பூ நழுவியது. அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். பொழுது சாயும்போது ஒரு முழம் இருந்தது. முன்பு அந்த நேரத்தில் இருபது முழம் கட்டுவார். விற்கவில்லை, எனக்கே வைத்துவிட்டார்.

மாமாவிடம் டிக்கெட் மாமா சொன்ன எட்டு மாதக் கணக்கைச் சொன்னேன், புத்தூர்ப் பேச்சு நின்றுவிட்டது. ஸ்கேனுக்கு வரும் வியாழக்கிழமை மதுரை வருகிறோம். எண் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.