நாய் வீரன் விடயம்: ‘மனையாவெளிச் சொந்தங்கள்’ குழு

சுதா அக்கா, காலை 6.12: வீரனை ஊசி போட்டுக் கொல்ல இன்று பின்னேரம் ஆள் வருகிறதாம். யாரைக் கேட்டு?

சித்தப்பா: என்னைக் கேட்டுத்தான். கடிபட்டது என் பேரன். கெண்டைக்காலில் நாலு பல் பதிந்திருக்கு.

உவர்மலை மாமி: ஐயோ, பிள்ளைக்குக் காய்ச்சலா

கண்ணன்: இல்லை மாமி. நேற்று ரெண்டாவது ஊசி. கடித்த உடனே சவர்க்காரம் போட்டுப் பைப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினோம்.

பெரியத்தான்: கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நான் பி.எச்.ஐயாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, வேலை பார்த்தவன். கடித்த நாயை அவசரப்பட்டுக் கொல்லக் கூடாது. கட்டி வைத்து 10 நாள் பார்க்க வேண்டும். விசர் என்றால் அதற்குள் காட்டிவிடும்: சாப்பாடு இறங்காது, எச்சில் வழியும், குரல் மாறும், பிறகு செத்துப்போகும். 10 நாளும் சுகமாக நின்றால், கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை. மிச்ச ஊசி தேவையா என்று டொக்டரும் அப்போது முடிவெடுக்கலாம். இப்போதே கொன்றால் தலையை வெட்டி ஐஸில் வைத்துக் கொழும்பு எம்.ஆர்.ஐக்கு (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) அனுப்ப வேண்டும். யார் வெட்டுவது? யார் பஸ்ஸில் கொண்டுபோவது?

ரொறன்ரோ அத்தான்: இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்

பெரியத்தான்: சாப்பிட்டுவிட்டு வாசியும்.

சித்தப்பா: 10 நாள் யார் காவல்? சங்கிலி அறுத்த நாய்.

சுதா அக்கா: அறுக்கவில்லை. நீங்கள் வேலி பிரித்த இடத்தால்தான் பிள்ளை உள்ளே வந்தான்.

சித்தப்பா: வேலியை இழுக்காதே. அது அண்ணன் இருக்கும்போதே பேசி முடிந்தது.

உவர்மலை மாமி: முடியவில்லை

கண்ணன்: பிள்ளை இப்போதுதான் சொல்கிறான். திருகோணமலைக் கோட்டை மானைத் தடவுகிற மாதிரித் தடவினானாம், வீரன் சாப்பிடும்போது.

சுதா அக்கா: அப்பாவின் சவப்பெட்டிக்குக் கீழே படுத்தவன் சித்தப்பா. எட்டுச் செலவுவரை சோறு தொடவில்லை. பிள்ளைக்கு நோவு என்றால் எனக்கும்தான். ஓட்டோக் காசு, மருந்துக் காசு எல்லாம் தாறேன். 4 நாள் போய்விட்டது, இன்னும் 6 நாள்தான் கேட்கிறேன்.

உவர்மலை மாமி: திவசத்துக்குக் கிடாரம் யாரிடம்? கனடா ஆட்கள் வந்தபோது போனது

ரொறன்ரோ அத்தான்: விமானத்தில் கொண்டுவந்தோமா மாமி

பெரியத்தான்: தடுப்பூசி அட்டை இருக்கா?

சுதா அக்கா: அப்பாவின் அலுமாரியில். திறப்பு சித்தப்பாவிடம்.

கண்ணன்: அப்பா?

சித்தப்பா, 7.40: வருகிற ஆளை இன்றைக்கு வேண்டாம் என்று சொல்கிறேன். நாயைப் பின் கொட்டிலில் கட்டு. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.

சுதா அக்கா: திறப்பு?

உவர்மலை மாமி: கிடாரம்?